கை காய்க்கிற வரைக்கும் – புதுசா கிடார் பழகுறவங்களுக்கு



நம்ம விடுதியில எந்த அறைக்குள்ள நுழைஞ்சாலும் மூணு பொருள் கண்டிப்பா இருக்கும். ஒண்ணு, யாரும் தொடாத அயர்ன் பாக்ஸ். ரெண்டு, போன செமஸ்டர் ஜெராக்ஸ் கட்டு. மூணு, சுவத்து ஆணியில தொங்குற ஒரு கிடார். அந்தக் கிடாரைக் கையில எடுத்துப் பாருங்க. கம்பியெல்லாம் துரு, மேல ஒரு விரக்கடை தூசி, தலைப்பகுதியில யாரோ காயப்போட்ட துண்டு.

என் கிடாரும் வீட்டுல ஒரு வருஷம் அப்படித்தான் தொங்குச்சு. முதல் வருஷம் பொங்கலுக்கு அப்பா வாங்கிக் கொடுத்தது. அப்பாவுக்கு வ.உ.சி. துறைமுகத்துல கப்பல் கட்டுற வேலை. கப்பல் செய்யறது இல்லீங்க, கரைக்கு வந்த கப்பலை வடம் போட்டு இழுத்துக் கட்டுறது. ராத்திரி ஷிப்ட் கூடுதலா பார்த்துச் சேர்த்த காசு அது. நான் மூணு வாரம் வாசிச்சேன். விரல் நுனி எரிஞ்சுது. ‘எஃப்’ கார்டு வரவே இல்லை. “நமக்கு இசை ஞானம் இல்லை போல”ன்னு முடிவு பண்ணி ஆணியில மாட்டிட்டேன். அப்பா ஒண்ணும் கேக்கல. ரொம்ப நாள் கழிச்சு ஒரே ஒரு தடவை, “ஏலே, அது சும்மாதான தொங்குது, பக்கத்து வீட்டுப் பயலுக்குக் கொடுத்துருவமா?”ன்னார். விரல் எரிச்சலைவிட அதுதான் அதிகமா எரிஞ்சுது.

அதுக்கப்புறம் எங்க தெருவுல கோயில் பாடகர் குழுவுல கிடார் வாசிக்கிற அண்ணன் ஒருத்தர்கிட்ட போய் மறுபடி முதல்லேர்ந்து ஆரம்பிச்சேன். அந்த முதல் மூணு வாரத்துல எனக்கு யாராவது சொல்லியிருக்கக் கூடாதான்னு நான் நினைச்சதெல்லாம்தான் இந்தக் கட்டுரை.

கிடாரும் நம்ம கரையும்

துறைமுக ஊருக்கு எதுவும் அந்நியம் கிடையாது. பதினாறாம் நூற்றாண்டுல போர்த்துக்கீசியர் இந்த முத்துக்குளித்துறைக் கரைக்கு வந்தாங்க. ஜன்னல், சாவி, அலமாரி, மேசைன்னு அவங்க விட்டுட்டுப் போன சொற்கள்லதான் நம்ம வீடே நிக்குது. அவங்க கப்பல் போன வழியெல்லாம் கம்பி வாத்தியங்களும் போயிருக்கு. 1879-ல மடீரா தீவுலேர்ந்து ஹவாய்க்குப் பிழைக்கப் போனவங்க கையில இருந்த சின்னக் கிடார்தான் இன்னிக்கு நாம பாக்குற உகுலேலே. எதிர்க்கரையில இலங்கையோட பைலா பாட்டுக்கும் போர்த்துக்கீசியத் தொடர்பு உண்டு.

நம்ம ஊர்ல கிடார் சத்தத்தைப் பலரும் முதல்ல கேக்கிறது கோயில்லதான். 1713-ல கட்டி முடிச்ச பனிமய மாதா கோயில்ல ஆகஸ்ட் 5 திருவிழாவுக்குக் கூட்டத்துல நின்னவங்களுக்கும், மணப்பாடு, புன்னைக்காயல் பக்கம் கிறிஸ்துமஸுக்குப் போனவங்களுக்கும் நான் சொல்றது புரியும். அங்க வாசிக்கிறவங்க நிறைய பேர் மியூசிக் காலேஜ் போனவங்க இல்லை. வேலைக்குப் போய்ட்டு வந்து, சாயங்காலம் உக்காந்து பழகினவங்க. அதனால, “நம்மால முடியுமா?”ங்கிற கேள்விக்கு நம்ம ஊரே பதில்.

வாங்குறதுக்கு முந்தி ஒரு ஏடிஎம் கார்டு சோதனை

அக்கூஸ்டிக் கிடார் ரெண்டு வகை. நைலான் கம்பி போட்டது, ஸ்டீல் கம்பி போட்டது. நைலான் விரலுக்கு மென்மை. ஸ்டீல் சத்தம் கணீர்னு இருக்கும், விரலைக் கொஞ்சம் பதம் பார்க்கும். நம்ம பசங்ககிட்ட பெரும்பாலும் இருக்கிறது ஸ்டீல்தான்.

ரெண்டுல எது வாங்கினாலும், விலையைப் பாக்குறதுக்கு முந்தி கம்பிக்கும் பலகைக்கும் நடுவுல உள்ள இடைவெளியைப் பாருங்க. இதுக்கு ‘ஆக்‌ஷன்’னு பேரு. 12-ஆவது ஃப்ரெட்டுக்கு மேல இந்த இடைவெளி ரெண்டரை மில்லிமீட்டர் பக்கத்துல இருந்தா நல்லது. ஸ்கேல் எல்லாம் வேண்டாம். ஒரு ஏடிஎம் கார்டோட தடிமன் சுமார் 0.76 மி.மீ. மூணு கார்டை அடுக்கிக் கம்பிக்கு அடியில விடுங்க. மூணு நுழைஞ்சு, நாலாவது திணறினா அது நல்ல கிடார். ஆறு கார்டு தாராளமா போச்சுன்னா, அந்தக் கிடார்ல எந்த வித்வானுக்கும் விரல் வலிக்கும். “எனக்கு வரல”ன்னு நாம நினைக்கிறதுல பாதி, கிடாரோட கோளாறா இருக்கும். ஏற்கெனவே வாங்கிட்டீங்கன்னா வாத்தியம் பழுது பாக்குற கடையில கொடுத்து ஆக்‌ஷனைக் குறைக்கச் சொல்லுங்க.

ஆறு கம்பி, எழுபது கிலோ

கிடாரை மடியில வச்சா, நம்ம முகத்துக்குப் பக்கமா மேல இருக்கிற தடிமனான கம்பிதான் 6-ஆவது. தரைப்பக்கம் இருக்கிற மெல்லிசான கம்பி 1-ஆவது. இதைத் தலைகீழா மனப்பாடம் பண்ணித்தான் பாதிப் பேர் குழம்புறாங்க. “தடிச்சது ஆறு, மெலிஞ்சது ஒண்ணு”ன்னு வச்சுக்கோங்க.

ஆறுலேர்ந்து ஒண்ணு வரைக்கும் சுருதி இப்படி: இ (82 ஹெர்ட்ஸ்), ஏ (110), டி (147), ஜி (196), பி (247), இ (330). முதலும் கடைசியும் ரெண்டும் ‘இ’தான். ரெண்டு ஸ்தாயி தள்ளி இருக்கிறதால அதிர்வெண் நாலு மடங்கு.

சுருதி சேர்க்க போன்ல ட்யூனர் ஆப் போதும். ஆனா காதையும் பழக்குங்க. 6-ஆவது கம்பியை 5-ஆவது ஃப்ரெட்ல அழுத்தினா வர்ற சுரமும், சும்மா மீட்டின 5-ஆவது கம்பியோட சுரமும் ஒண்ணா இருக்கணும். அதே மாதிரி 5-க்கும் 4-க்கும், 4-க்கும் 3-க்கும், 2-க்கும் 1-க்கும் 5-ஆவது ஃப்ரெட். 3-ஆவது கம்பிக்கும் 2-ஆவதுக்கும் மட்டும் 4-ஆவது ஃப்ரெட். ரெண்டும் கொஞ்சம் விலகியிருந்தா “வோம்... வோம்...”னு ஒரு அலைச்சல் கேக்கும். நம்ம பிசிக்ஸ் புத்தகத்துல ‘பீட்ஸ்’னு படிச்சது இதுதான். ஒரு கம்பி 110, இன்னொண்ணு 112-ன்னா, ஒரு விநாடிக்கு ரெண்டு அலைச்சல். அது மெதுவாகி மெதுவாகி நின்னுடுச்சுன்னா சுருதி சேர்ந்தாச்சு.

ஒரு எச்சரிக்கை. ஒரு கம்பியோட அதிர்வெண்ணை ரெண்டு மடங்காக்கணும்னா, இழுவிசையை நாலு மடங்காக்கணும். அதனால ஆப்ல ‘இ’ன்னு வரணுமேன்னு தப்பான ஸ்தாயியை நோக்கி முறுக்கிக்கிட்டே போனா, கம்பி படார்னு அறுந்து முகத்துல அடிக்கும். சாதாரண ஸ்டீல் செட்டுல சரியான சுருதியில ஆறு கம்பியும் சேர்ந்து இழுக்கிற இழுவை சுமார் 70 கிலோ. அதாவது உங்க ரூம்மேட் ஒருத்தன் ராத்திரி பகலா அந்தப் பலகையைப் பிடிச்சுத் தொங்கிக்கிட்டே இருக்கான். இதை அப்பாகிட்ட சொன்னப்ப, “வடம் விறைப்பா நிக்கிறப்ப எதுத்தாப்புல நிக்கக் கூடாதுல”ன்னு மட்டும் சொன்னார். கிடாருக்கும் அதே விதிதான். புதுக் கம்பி முறுக்கும்போது முகத்தைத் தள்ளி வச்சுக்கோங்க.

ஃப்ரெட் எங்க இருக்கு, விரல் எங்க இருக்கணும்

கழுத்துப் பலகையில குறுக்கா பதிச்சிருக்கிற உலோகக் கம்பிகள்தான் ஃப்ரெட். மேல போகப் போக இடைவெளி குறையறதைக் கவனிச்சிருப்பீங்க. கம்பியோட நீளம் 650 மி.மீ.ன்னா, முதல் ஃப்ரெட் நட்லேர்ந்து 36.5 மி.மீ. தள்ளி இருக்கும். ஒவ்வொரு ஃப்ரெட்டுக்கும் மீதி நீளத்தை ரெண்டோட பன்னிரண்டாம் மூலத்தால, அதாவது 1.0595-ஆல வகுத்துக்கிட்டே போறாங்க. பன்னிரண்டு தடவை வகுத்தா சரியா பாதி, 325 மி.மீ. அதனாலதான் 12-ஆவது ஃப்ரெட்ல அதே சுரம் ஒரு ஸ்தாயி மேல கேக்குது.

இப்ப விரல். மூணு விஷயம் மட்டும் பாருங்க.

1. ரெண்டு ஃப்ரெட்டுக்கு நடுவுல அழுத்தாதீங்க. உடம்புப் பக்கம் இருக்கிற ஃப்ரெட்டை ஒட்டி, அதுக்குச் சற்றுப் பின்னால அழுத்துங்க. அங்க குறைஞ்ச பலமே போதும்.
2. விரல் நுனியால, விரலை வளைச்சு, மேலேர்ந்து இறங்குற மாதிரி வைங்க. விரல் படுத்துச்சுன்னா பக்கத்துக் கம்பியோட வாயை அடைச்சிடும். இடது கை நகத்தை ஒட்ட வெட்டுங்க.
3. கட்டைவிரல் கழுத்துக்குப் பின்னால, நடுவுல. தலையணையைக் கட்டிப்பிடிக்கிற மாதிரி முழு உள்ளங்கையும் ஒட்டக் கூடாது.

எவ்வளவு அழுத்தணும்? இதுக்கு ஒரு பயிற்சி இருக்கு. விரலைக் கம்பி மேல சும்மா வைங்க. வலது கையால மீட்டிக்கிட்டே மெல்ல மெல்ல அழுத்தத்தைக் கூட்டுங்க. முதல்ல “டப்”னு செத்த சத்தம். அப்புறம் “ஜ்ஜ்ஜ்”னு ஒரு இரைச்சல். சட்டுனு ஒரு புள்ளியில சத்தம் தெளியும். அந்தப் புள்ளிதான் உங்களுக்குத் தேவையான பலம். அதுக்கு மேல அழுத்துறதெல்லாம் வீண். நான் முதல் மூணு வாரம் கப்பல் வடத்தை இழுக்கிற மாதிரி கம்பியை அழுத்தியிருக்கேன். எரியாம என்ன செய்யும்?

இடக்கைப் பழக்கம் உள்ளவங்க நான் சொல்ற இடது, வலதை மாத்திப் படிச்சுக்கோங்க.

ஒரே கம்பியில சங்கராபரணம்

கார்டுக்குப் போறதுக்கு முந்தி ஒரு வாரம் இதைப் பண்ணுங்க. ஏதாவது ஒரு கம்பியை எடுத்துக்கோங்க. சும்மா மீட்டினா அதுதான் ‘ச’. 2-ஆவது ஃப்ரெட் ‘ரி’, 4 ‘க’, 5 ‘ம’, 7 ‘ப’, 9 ‘த’, 11 ‘நி’, 12-ல மேல் ‘ச’. சங்கராபரணம் வந்தாச்சு. மேற்கத்திய இசையில இதையேதான் மேஜர் ஸ்கேல்னு சொல்றாங்க. ஏறுங்க, இறங்குங்க. வாயால பாடிக்கிட்டே பண்ணுங்க. விரலும் காதும் ஒண்ணையொண்ணு அறிமுகம் பண்ணிக்கிற நேரம் இது.

முதல் அஞ்சு கார்டு

கார்டுன்னா ஒரே நேரத்துல ஒலிக்கிற மூணோ அதுக்கு மேலயோ சுரங்கள். கீழ இருக்கிற அஞ்சும் வந்துட்டா நூத்துக்கணக்கான பாட்டுக்குக் கதவு திறக்கும்.

இ மைனர்: நடுவிரல் 5-ஆவது கம்பி 2-ஆவது ஃப்ரெட், மோதிர விரல் 4-ஆவது கம்பி 2-ஆவது ஃப்ரெட். ஆறு கம்பியும் மீட்டலாம். எல்லாத்துலயும் சுலபம், இதுல ஆரம்பிங்க.

ஏ மைனர்: ஆள்காட்டி 2-ஆவது கம்பி 1-ஆவது ஃப்ரெட், நடுவிரல் 4-ஆவது கம்பி 2-ஆவது ஃப்ரெட், மோதிர விரல் 3-ஆவது கம்பி 2-ஆவது ஃப்ரெட். 5-ஆவது கம்பியிலேர்ந்து மீட்டுங்க.

சி: ஏ மைனர்ல ஆள்காட்டியும் நடுவிரலும் இருந்த இடத்துலயே இருக்கட்டும். மோதிர விரலை மட்டும் தூக்கி 5-ஆவது கம்பி 3-ஆவது ஃப்ரெட்ல வைங்க. அவ்வளவுதான். இதுவும் 5-ஆவது கம்பியிலேர்ந்து.

ஜி: நடுவிரல் 6-ஆவது கம்பி 3-ஆவது ஃப்ரெட், ஆள்காட்டி 5-ஆவது கம்பி 2-ஆவது ஃப்ரெட், மோதிர விரல் 1-ஆவது கம்பி 3-ஆவது ஃப்ரெட். ஆறும் மீட்டலாம்.

டி: ஆள்காட்டி 3-ஆவது கம்பி 2-ஆவது ஃப்ரெட், நடுவிரல் 1-ஆவது கம்பி 2-ஆவது ஃப்ரெட், மோதிர விரல் 2-ஆவது கம்பி 3-ஆவது ஃப்ரெட். 4-ஆவது கம்பியிலேர்ந்து மட்டும்.

ஒவ்வொரு கார்டையும் பிடிச்சதும் கம்பி கம்பியா தனித்தனியா மீட்டிப் பாருங்க. எந்தக் கம்பி செத்திருக்கோ, அதுக்கு எந்த விரல் காரணம்னு பாருங்க. சர்க்யூட்ல எந்த ஒயர் லூஸுன்னு மல்டிமீட்டர் வச்சுத் தேடுற அதே வேலைதான்.

அப்புறம் மாத்திப் பழகுங்க. போன்ல ஒரு நிமிஷம் டைமர். ஏ மைனர் – சி – ஏ மைனர் – சி. எத்தனை தடவை மாத்தினீங்கன்னு எண்ணி, நோட்டுல தேதி போட்டு எழுதுங்க. முதல் நாள் எனக்கு 9. ரெண்டாவது வாரம் 22. நிமிஷத்துக்கு 30 வந்துட்டா பாட்டுக்குள்ள போகலாம். மனசு “வரல வரல”ன்னு சொல்லும். நோட்டு பொய் சொல்லாது.

வலது கை: ஒண்ணும் ரெண்டும் மூணும் நாலும்

இப்பதான் முக்கியமான இடத்துக்கு வர்றோம். புதுசா பழகுற எல்லாரும் இடது கையையே பாத்துக்கிட்டு இருப்போம். பாட்டு இருக்கிறது வலது கையில.

பிக்கை ஆள்காட்டியோட பக்கவாட்டுக்கும் கட்டைவிரலுக்கும் நடுவுல, நுனி மட்டும் வெளிய தெரியற மாதிரி பிடிங்க. இறுக்கிப் பிடிச்சா சத்தம் முரடாகும். ரொம்பத் தளர்த்தினா பிக் கிடாரோட ஓட்டைக்குள்ள விழும். விழுந்தா கிடாரைக் கவுத்துக் குலுக்கி எடுக்கிறதும் ஒரு டெக்னிக்தான், அது தானா வந்துடும். ஸ்ட்ரம்மிங் முழங்கையிலேர்ந்து வரக் கூடாது. கையில தண்ணி பட்டா உதறுவோமே, அந்த மணிக்கட்டு அசைவுதான்.

இப்ப வாய்விட்டு எண்ணுங்க: ஒண்–ணும், ரெண்–டும், மூ–ணும், நா–லும். ஒவ்வொரு சொல்லோட முதல் பாதிக்குக் கை கீழ போகணும், ரெண்டாவது பாதிக்கு மேல வரணும். தமிழ் எண்ணே தாளத்தைப் பிரிச்சுக் கொடுக்குது பாருங்க. முதல்ல எட்டு அசைவுலயும் கம்பியைத் தொடுங்க. அது வந்ததும், சிலதுல மட்டும் தொடாம காத்துல விடுங்க. உலகம் பூரா புதுசா பழகுறவங்க வாசிக்கிற முதல் பாணி இது:

ஒண் (கீழ்) – ணும் (விடு) – ரெண் (கீழ்) – டும் (மேல்) – மூ (விடு) – ணும் (மேல்) – நா (கீழ்) – லும் (மேல்)

‘விடு’ன்னா கை நிக்கிறது இல்லை. கை ஊஞ்சல் மாதிரி போய்க்கிட்டேதான் இருக்கும், கம்பியை மட்டும் தொடாது. இதுதான் சூட்சுமம். இந்தப் பாணியை இ மைனர் – சி – ஜி – டி வரிசையில, கார்டுக்கு ஒரு சுத்து வீதம் வாசிங்க. கேட்டதும், “அட, இது ஏதோ பாட்டு மாதிரி இருக்கே”ன்னு தோணும்.

இதோட அருமை எனக்கு ஒரு நாள் அவமானத்துலதான் புரிஞ்சுது. அண்ணன் என்னை ஒரு பாட்டுப் பயிற்சிக்குக் கூட்டிட்டுப் போனார். இருபது பேர் பாடுறாங்க. ‘ஜி’யிலேர்ந்து ‘டி’க்கு மாறுற இடத்துல என் விரல் சிக்கிச்சு. நல்ல பிள்ளையா நிறுத்தி, விரலைச் சரியா வச்சுட்டு, மறுபடி ஆரம்பிச்சேன். அதுக்குள்ள முன்வரிசை ஒரு அடி தள்ளியும் பின்வரிசை ஒரு அடி முந்தியும் பாடி, பாட்டே கவுந்துடுச்சு. எல்லாரும் என்னைப் பாத்தாங்க. அண்ணன் திட்டல. “தம்பி, தப்பான கார்டை எல்லாரும் மன்னிச்சிருவாங்க. நின்னுபோன தாளத்தை யாரும் மன்னிக்க மாட்டாங்க. விரல் வரலைன்னா கம்பியைச் சும்மா தொட்டு ‘சக்கு சக்கு’ன்னாவது வாசி, கையை மட்டும் நிறுத்தாத”ன்னார்.

அன்னிலேர்ந்து என் பயிற்சியே மாறிப்போச்சு. இடது கை சரியா வர்ற வரைக்கும் வலது கை காத்திருக்கிறதை நிறுத்தினேன். வலது கை ஓடும், இடது கை எப்படியாவது ஓடி வந்து ஏறிக்கணும். ஓடுற டவுன் பஸ்ல ஏறுற மாதிரி. பஸ் நமக்காக நிக்காதுன்னு தெரிஞ்சா கால் தானா வேகமெடுக்கும்.

மெதுவா ஆரம்பிங்க. மெட்ரோனோம் ஆப்ல 60 வைங்க. தப்பில்லாம நாலு சுத்து வந்தா 65. அவசரப்பட்டு 100-க்குப் போனா, தப்பைத்தான் வேகமா பழகுவீங்க.

விரலால மீட்டணும்னு ஆசையா? கட்டைவிரலுக்கு 6, 5, 4-ஆவது கம்பிகள். ஆள்காட்டிக்கு 3, நடுவிரலுக்கு 2, மோதிர விரலுக்கு 1. ஏ மைனர் பிடிச்சுக்கிட்டு கட்டை – ஆள்காட்டி – நடு – மோதிரம் – நடு – ஆள்காட்டின்னு நிதானமா சுத்துங்க. இந்த வித்தை எங்க வரைக்கும் போகும்னு தெரியணும்னா, ‘பயணங்கள் முடிவதில்லை’ (1982) படத்தோட ‘இளைய நிலா’ பாட்டைக் கேளுங்க. அதுல கிடார் வாசிச்சவர் ஆர். சந்திரசேகர். இசையமைச்ச இளையராஜாவும் அடிப்படையில ஒரு கிடார் கலைஞர்தான், தன்ராஜ் மாஸ்டர்கிட்ட மேற்கத்திய இசை படிச்சவர். அந்த உயரத்துக்கும் முதல் படி இதே கட்டை – ஆள்காட்டி – நடுதான்.

‘எஃப்’ங்கிற அரியர் பேப்பர்

கிடார்கள் ஆணிக்குப் போறதுக்கு முக்கியக் காரணம் எஃப் கார்டு. ஆள்காட்டி விரல் ஒண்ணே முதல் ஃப்ரெட்ல ஆறு கம்பியையும் அழுத்தணும். மத்த மூணு விரலும் தனியா வேலை பாக்கணும். நட்டுக்குப் பக்கத்துல கம்பி விறைப்பா இருக்கிறதால, அந்த முதல் ஃப்ரெட்தான் இருக்கிறதுலயே கஷ்டமான இடம். நாம போய் நேரா அங்கயே மோதுறோம்.

வழி இருக்கு. முதல் படி, குட்டி எஃப்: மோதிர விரல் 4-ஆவது கம்பி 3-ஆவது ஃப்ரெட், நடுவிரல் 3-ஆவது கம்பி 2-ஆவது ஃப்ரெட், ஆள்காட்டி 2-ஆவது கம்பி 1-ஆவது ஃப்ரெட், 1-ஆவது கம்பி சும்மா. 4-ஆவது கம்பியிலேர்ந்து மீட்டினா எஃப் மேஜர் 7 வரும். முக்கால்வாசி பாட்டுல யாரும் வித்தியாசம் கண்டுபிடிக்க மாட்டாங்க. ரெண்டாவது படி, முழு பார் கார்டை 5-ஆவது ஃப்ரெட்ல பழகுங்க. அங்க கம்பி இளகிக் கொடுக்கும். வாரத்துக்கு ஒரு ஃப்ரெட் கீழ இறங்குங்க. மூணாவது, ஆள்காட்டியைத் தட்டையா வைக்காம, எலும்பு இருக்கிற பக்கவாட்டுல லேசா சாய்ச்சு வைங்க. கட்டைவிரலால கிள்ளுறதுக்குப் பதிலா, முழங்கையை லேசா பின்னால இழுத்து, கையோட எடையைப் பயன்படுத்துங்க.

அதுவரைக்கும் ‘கேப்போ’ இருக்கவே இருக்கு. முதல் ஃப்ரெட்ல கேப்போ மாட்டி ‘இ’ கார்டு பிடிச்சா அது எஃப். ரெண்டாவதுல மாட்டி ‘ஜி’ பிடிச்சா அது ‘ஏ’. பாடுறவங்க குரலுக்கு ஏத்த மாதிரி சுருதி மாத்த கோயில் குழுவுல தினமும் பண்றதுதான் இது. கேப்போ போடுறது ஏமாத்து வேலைன்னு யாராவது சொன்னா நம்பாதீங்க.

உப்புக் காத்தும் கரோஷன் யூனிட்டும்

நம்ம ஊர்க்காரங்களுக்குன்னே ஒரு பகுதி. தமிழ்நாட்டு உப்புல பெரும்பங்கு விளையற மாவட்டத்துல கிடார் வச்சிருக்கோம். கடல் காத்துல வர்ற உப்பு கம்பியில படியும். உப்பு ஈரத்தை இழுக்கும். ஈரமும் குளோரைடும் சேர்ந்தா ஸ்டீல் என்ன ஆகும்னு முதல் வருஷ கெமிஸ்ட்ரியில ‘கரோஷன்’ யூனிட்ல இருக்கு. அதைச் சாய்ஸ்ல விட்டவங்க உங்க கிடார் கம்பியைப் பாத்துத் தெரிஞ்சுக்கோங்க. துருப்பிடிச்ச கம்பி விரலை அறுக்கும், சத்தம் மங்கும், சுருதி நிக்காது. ஆணியில தொங்கின என் கிடார்ல நான் மறுபடி ஆரம்பிச்சப்ப, பாதி வலி அந்தத் துருவால வந்ததுதான். புதுக் கம்பி போட்ட அன்னிக்கே விரல் லேசா இருந்துச்சு.

செய்ய வேண்டியது ரொம்பக் கொஞ்சம். வாசிக்கிறதுக்கு முந்தி கை கழுவுங்க. முடிச்சதும் பழைய வேட்டித் துணியால ஒவ்வொரு கம்பியையும் மேலயும் அடியிலயும் துடைங்க. உறை போட்டு வைங்க. தினமும் வாசிக்கிறவங்க ரெண்டு மூணு மாசத்துக்கு ஒரு தடவை கம்பியை மாத்துங்க. துறைமுகக் கடற்கரைக்கு எடுத்துட்டுப் போய் வாசிக்கிறது அழகாத்தான் இருக்கும், வீட்டுக்கு வந்ததும் துடைக்க மறக்காதீங்க. மே மாச வெயில்ல மூடின காருக்குள்ள மட்டும் விட்டுடாதீங்க. 70 கிலோ இழுவை இருக்குன்னு சொன்னேன்ல? சூட்டுல பசை இளகினா பிரிட்ஜ் பேந்து வந்துடும்.

தினமும் பதினஞ்சு நிமிஷம்

ஞாயித்துக்கிழமை மூணு மணி நேரம் வாசிக்கிறதைவிட, தினமும் பதினஞ்சு நிமிஷம் மேல். என் கணக்கு இது:

சுருதி சேர்க்க 2 நிமிஷம்.
ஒரு கம்பியில சங்கராபரணம் 3 நிமிஷம்.
ரெண்டு கார்டு மாத்துற எண்ணிக்கை 4 நிமிஷம்.
ஒரே கார்டுல தாளம் மட்டும் 3 நிமிஷம்.
தப்போ சரியோ, நிறுத்தாம ஒரு பாட்டு 3 நிமிஷம்.

விரல் எரிஞ்சா அன்னிக்கு நிறுத்திடுங்க, நாளைக்கு எடுங்க. தோல் உரிஞ்சா ஆறவிட்டு எடுங்க. மணிக்கட்டுலயோ முழங்கையிலயோ வலிச்சா அது வேற விஷயம், உக்காருற முறை தப்பு, உடனே நிறுத்திச் சரி பண்ணுங்க. நுனி எரிச்சல் மட்டும்னா, மூணு நாலு வாரத்துல அந்த இடத்துல தோல் தடிச்சு, வலி தானா போயிடும். வேடிக்கை என்னன்னா, பெரும்பாலானவங்க விடுறது அந்த மூணாவது வாரத்துலதான். நானும் முதல் தடவை அங்கதான் விட்டேன்.

ரெண்டாவது தடவை ஆரம்பிச்சு ஒரு மாசம் இருக்கும். ராத்திரி சாப்பிட்டு முடிச்சு அப்பா பக்கத்துல உக்காந்திருந்தேன். “இப்ப எரியுதாலே?”ன்னார். இல்லப்பான்னு இடது கையை நீட்டினேன். விரல் நுனியைத் தடவிப் பாத்தார். அப்புறம் தன் உள்ளங்கையை விரிச்சுப் பக்கத்துல வச்சார். வடம் இழுத்து இழுத்துக் காய்ச்சுப்போன கை. “கை காய்க்கிற வரைக்கும்தாம்ல வலி”ன்னுட்டு, “சரி, ஒரு பாட்டு வாசி”ன்னார்.

வாசிச்சேன். நடுவுல ரெண்டு கார்டு தப்பு. கை நிக்கல.

உங்க அறை ஆணியில ஒண்ணு தொங்குதுல்ல? இன்னிக்கு ராத்திரி அதை இறக்குங்க. துருப்பிடிச்ச கம்பியை மாத்துங்க. இ மைனர்ல ஆரம்பிங்க. சந்தேகம் இருந்தா சாயங்காலம் விடுதி மொட்டை மாடிக்கு வாங்க, சேர்ந்து தப்பு பண்ணுவோம்!